சாமி படத்தின் முதுகில் ஒரு நோட்டீஸ்

மதினி,

இன்றைக்குக் காலையிலும் ஓடைக் குப்பையை எரித்துவிட்டார்கள். அரிசி களைந்துகொண்டிருந்தேன், ஜன்னல் வழியாக வந்துவிட்டது அந்த நாற்றம். முடி கருகிய வாடையும் அழுகின முட்டை வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமே, அதேதான். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜன்னலைச் சாத்தினேன், கொடியில் கிடந்த துணியை வாரி உள்ளே போட்டேன். "சனியன் வந்துட்டான், கதவச் சாத்து செல்வி" என்று உங்கள் வாசலிலிருந்து கத்துவீர்களே, அந்தக் குரலுக்காக என் காது ஒரு நொடி தானாகக் காத்து நின்றது. உங்கள் வீட்டில் இப்போது வேறு யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களும் கதவைச் சாத்தினார்கள். தெருவே சாத்தியது. சாத்துவதில் மட்டும் நம் தெரு ஆட்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இதை வேறு யாரிடம் சொன்னாலும் "விடுக்கா, நமக்கென்ன" என்பார்கள். அந்த 'நமக்கென்ன'வைக் கேட்டுக் கேட்டு எனக்குக் குமட்டுகிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இன்று காலை பம்படியில் ஒன்று நடந்தது. அதைக் கேட்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். ஆனால் அதற்கு வருவதற்கு முன்னால் பழையதையெல்லாம் ஒரு முறை கொட்டித் தீர்த்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உறவு என்று பார்த்தால் நீங்கள் எனக்கு ஒன்றும் இல்லை. அடுத்தடுத்த வீடு, ஒரே அச்சாபீஸ். சிவகாசி ரோட்டில் காலண்டர் அடிக்கிற அந்த அச்சாபீஸில் நான் அட்டையில் தேதித் தாள் ஒட்டுவேன், நீங்கள் எதிரே உட்கார்ந்து படத்தின் தலைமாட்டில் தகரம் அடிப்பீர்கள். தகரம் கிழித்துக் கிழித்து உங்கள் கட்டைவிரலில் எப்போதும் ஒரு துணிச் சுற்று இருக்கும். கை வேலை பார்க்கும், வாய் செய்தி வாசிக்கும். எந்தத் தெருவில் குழாய் உடைந்தது, நகராட்சித் தண்ணீர் எந்தப் பக்கம் முதலில் திறக்கிறார்கள், ரேஷனில் பாமாயில் வந்துவிட்டதா, எல்லாம் உங்களிடம்தான் கேட்பார்கள். பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீருக்காக ஜனங்கள் குடத்தோடு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற காலம் அது. "இன்னிக்கு வராது, போய்ப் படுங்க" என்று நீங்கள் சொன்னால் கலைந்து போவார்கள். அத்தனை நம்பிக்கை உங்கள் வாய்மேல். தண்ணீர் விஷயத்தில் மட்டும்.

ஓடை விஷயத்தில்தான் எல்லோருக்கும் காது அடைத்துப்போனது. ஊரின் கடைசித் தெரு நம்முடையது. மேற்கே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் கருவேலங்காடு. விடிவதற்கு முன்னால் ஒரு மினி லாரி வரும். நம்பர் பலகையில் சேறு பூசியிருக்கும். பட்டாசுக் கம்பெனியில் வீணாய்ப்போன காகிதக் குழாய், வெட்டின திரித் துண்டு, வெடிமருந்து படிந்த சாக்கு, எல்லாவற்றையும் ஓடைக்குள் தள்ளிவிட்டுப் போய்விடும். மறுநாள் நகராட்சி ஆட்கள் ஊர்க் குப்பையோடு சேர்த்துத் தீ வைத்துவிடுவார்கள். தீ வைத்தால் குப்பை போச்சு, அவ்வளவுதான் கணக்கு. படபடவென்று உள்ளே வெடிக்கும். மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் ஒரு நாள் பச்சையாக ஓடும், ஒரு நாள் வெள்ளிபோல மினுங்கும். அந்தத் தண்ணீர் ஊறித்தானே நம் பம்புக்கு வருகிறது, கருமம்.

உங்களுக்கு இளைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். அச்சாபீஸ் மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாரோ பின்னால் வருகிறவரோடு பேச நின்றதுபோல நடிப்பீர்கள். பின்னால் யாரும் வரமாட்டார்கள்.

கவுன்சிலர் வீட்டுக்கு நாம் போனது ஞாபகம் இருக்கிறதா? ஊஞ்சலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார் மனிதர். எழுந்திருக்கக்கூட இல்லை.

"எந்தக் கம்பெனி லாரின்னு சொல்லுங்க மதினி, நான் இப்பவே போன் போடுறேன்" என்றார், சட்டைப்பையிலிருந்த புது செல்போனைத் தட்டிக்காட்டி.

"உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சா ஊரு வந்து சொல்லட்டும். நீங்க ஒருத்தி சொன்னா அது பொம்பள சண்டையாப் போயிரும்லா?"

வெளியே வந்ததும் நான் வாசலிலேயே காறித் துப்பினேன். நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தீர்கள். "துப்பி எச்சில வீணாக்காத. ஊரு வந்து சொல்லட்டும்னு சொன்னான்ல, ஊரக் கூட்டிட்டுப் போவோம்" என்றீர்கள். உங்களுக்கு அந்த ஊர்மேல் இருந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது.

எங்கெங்கோ மனுப் போட்டு, நடையாய் நடந்து, கடைசியில் ஓடையைப் பார்க்க ஒரு அதிகாரி வருகிறார் என்று பதில் வந்தது. தெருவில் வீட்டுக்கு ஒருவர் வந்து நின்றால் போதும், எல்லாம் தானாக நடக்கும் என்று நம்பினீர்கள். எப்படிச் சொல்வது என்பதுதான் பிரச்சினை. சாதாரண நோட்டீஸ் அடித்தால் அன்று சாயந்தரமே அதில் வடை மடித்துக் கொடுத்துவிடுவார்கள், அது உங்களுக்குத் தெரியும். அப்போதுதான் அந்த யோசனை வந்தது உங்களுக்கு. அச்சாபீஸில் கலர் விலகிப்போன காலண்டர் படங்கள் எடைக்குப் போடக் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மகாலட்சுமிக்கு உதட்டுச் சிவப்பு கன்னத்தில் இருக்கும், முருகனுடைய மயிலுக்கு இரண்டு அலகு இருக்கும். பின்பக்கம் வெள்ளைத் தாள்.

"இதோட முதுகுல அடிப்போம் செல்வி. சாமி படத்துல எவளும் வடை மடிக்க மாட்டா. கீழ போட மாட்டா, மிதிக்க மாட்டா. வீட்டுக்குள்ள பத்திரமா இருக்கும்."

எவ்வளவு சந்தோஷம் உங்கள் முகத்தில்! சாப்பாட்டு நேரத்தில் பில் அடிக்கிற சின்ன மிஷினில் நீங்களே நின்று அடித்தீர்கள். வாசகமும் உங்களுடையதுதான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஓடையைப் பார்க்க அதிகாரி வருகிறார், வீட்டுக்கு ஒருவர் வாருங்கள், பேச வேண்டாம், நின்றால் போதும். 'நின்றால் போதும்' என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டீர்கள். வீடு வீடாகப் போய், எழுத்து மேலே தெரியும்படி நீங்களே கையில் கொடுத்தீர்கள். எல்லோரும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை வந்தது. நீங்களும் நானும் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடைக்கரையில் நின்றோம். பத்து மணி தாண்டி, வெயில் உச்சிக்கு வந்த பிறகு ஜீப் வந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார் அதிகாரி. பக்கத்தில் நம் கவுன்சிலர், கையில் அவர் குடிக்க வாங்கிய கலர் பாட்டில். நான் தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு காக்கா குஞ்சுகூட வரவில்லை. இலவச டி.வி. கொடுத்தபோது பகல் முழுக்க வெயிலில் வரிசையில் நின்ற ஜனங்கள் மதினி அவர்கள்! இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றார்கள், அடித்துக்கொண்டு நின்றார்கள். இந்த ஓடைக்கரையில் வந்து நிற்பதற்கு மட்டும் அவர்களுக்குக் கால் இல்லை.

"தெருவுக்கே பிரச்சினைன்னு எழுதியிருந்தீங்க. ரெண்டு பேர்தான் நிக்கிறீங்களேம்மா?" என்றார் அதிகாரி.

கவுன்சிலர் சிரித்தார். "சார், இவுக ரெண்டு பேருக்கும் அச்சாபீஸ் மை வாசனை பழகிப்போச்சு. வெளிக்காத்து ஒத்துக்க மாட்டேங்குது."

அந்த ஆள் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்போல் இருந்தது எனக்கு. நீங்கள் நிதானமாக, "சார், அந்தக் கைக்குட்டைய எடுத்துட்டு ஒரே ஒரு மூச்சு இழுங்க. அதுக்கப்புறம் நாங்க போயிடுறோம்" என்றீர்கள். அவர் எடுக்கவில்லை. "எந்தக் கம்பெனின்னு சொல்ல ஒரு சாட்சி இல்லாம யார் மேலம்மா நடவடிக்கை எடுக்கிறது?" என்று கைக்குட்டைக்குள்ளிருந்தே கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். கலர் பாட்டிலை மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போதுதான் பார்த்தோம். வீட்டுக்கு வீடு வாசல் நிலைக்கு மேல் மகாலட்சுமி, முருகன், பிள்ளையார். மைதாப் பசை போட்டு, முனை தூக்காமல், நன்றாக நீவி ஒட்டியிருந்தார்கள். நீங்கள் அடித்த எழுத்தெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வடிவு வாசலில் நின்றாள். கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவள். புருஷன் ஏதோ பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறான் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

"நோட்டீஸ் குடுத்தேனே வடிவு, பாக்கலியா?" என்று கேட்டீர்கள்.

"ஐயோ மதினி, பின்னால எழுத்து இருந்துச்சா? நான் மகாலட்சுமியப் பாத்ததும் கண்ணுல ஒத்திக்கிட்டு ஒட்டிட்டேனே!"

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும் அதேதான், ஒருவரையொருவர் பார்த்து ஒப்பித்ததுபோல. நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். சிரிப்பு இளைப்பாகி, இளைப்பு இருமலாகி, என் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தேன்.

"சாமி நம்மளக் காப்பாத்தலேன்னாலும் இவுகளக் காப்பாத்திருச்சு பாத்தியா."

"நிசமாவே பாக்காம ஒட்டிருப்பாகளோ மதினி?"

"படிச்சிட்டுத்தான் ஒட்டிருக்காக. படிக்கத் தெரியாதவளா இருந்தா கையில வாங்கினப்பவே 'என்ன மதினி எழுதிருக்கு'ன்னு கேட்டிருப்பா. ஒருத்தியும் கேக்கலியே."

அன்று சாயந்தரம் பம்படியில் வழக்கம்போல யாரோ தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார்கள், நீங்களும் வழக்கம்போலப் பதில் சொன்னீர்கள். எனக்குத்தான் ஆறவில்லை. நானாக இருந்தால் தாகத்தில் சாகட்டும் என்று விட்டிருப்பேன்.

நீங்கள் போனது ஒரு புரட்டாசி மாதம். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது, லாரி தினமும் வந்தது, புகையும் தினமும். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயை வைத்துக்கொண்டு நீங்கள் என்னிடம் கேட்டது, "இன்னிக்கு எரிச்சாகளா?" என்றுதான். இல்லை என்று சொன்னேன். என் சேலையை மோந்து பார்த்துவிட்டு, "பொய் சொல்லாத" என்றீர்கள்.

தெருவே வந்து அழுதது. நல்ல மனுசி, ஊருக்கு உழைச்ச மனுசி என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். கவுன்சிலர் ரோஜா மாலை கொண்டு வந்தார். உங்களுக்கு மரியாதையாம், அன்றைக்கு மட்டும் எரிக்கவில்லை. மறுநாள் இரண்டு நாளைக்கும் சேர்த்து எரித்தார்கள். உங்கள் வாசலில் போட்ட பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை அப்போது. பந்தலுக்குள் புகை வந்து நின்றது. அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. மனிதர்கள் சாப்பிடுவதைப் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது.

அப்போதுதான் நீங்கள் என்றோ தகரம் அடித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. "இந்த ஜனங்க விடாம படிக்கிறது ராகு காலமும் எமகண்டமுந்தான். ஓடையையும் அதுல சேத்து அடிச்சாத்தான் புத்தி வரும்." உங்கள் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் பம்படிச் சுவரில் ஒரு கதவளவுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். நம் தேதித் தாளில் இருக்குமே, அதே வரிசையில் சாக்பீஸால் எழுதினேன்.

நல்ல நேரம்: கிழக்கிலிருந்து காற்று வீசும்போது. எமகண்டம்: காலை ஆறரை முதல் எட்டு வரை. சூலம்: மேற்கு, ஓடைப் பக்கம். பரிகாரம்: வீட்டுக்கு ஒருவர் நகராட்சி வாசலில் போய் நிற்பது.

படித்தார்கள் மதினி! குடத்தை இறக்கி வைத்துவிட்டு, உதட்டை அசைத்து, ஒரு வரி விடாமல் படித்தார்கள். எனக்கு முதலில் புல்லரித்துப்போனது. அடுத்த வாரமே விஷயம் தெரிந்துவிட்டது. "செல்விக்கா, நாளைக்கு எமகண்டம் எப்ப? வத்தல் காயப்போடணும்" என்று ஒருத்தி கேட்டாள். லாரி வந்த மறுநாள் எரிப்பார்கள் என்று நான் கணித்து எழுதுவது சரியாக இருக்கிறதாம். அதைப் பார்த்துத் துணி எடுத்தார்கள், கதவு சாத்தினார்கள், தொட்டிலை உள் அறைக்கு மாற்றினார்கள். கவுன்சிலர் வீட்டு வேலைக்காரி வந்து, "ஐயா வீட்ல கேட்டுட்டு வரச் சொன்னாக" என்று நின்றாள். பரிகாரத்தைத் தவிர எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். வெந்ததைத் தின்று விதி வந்தால் சாவது என்பார்களே, அதற்கு நான் நேரமும் குறித்துக் கொடுத்திருந்தேன்.

அதன்மேல் வெள்ளையடித்து மறைத்துவிடலாம் என்று எத்தனையோ முறை தோன்றியது. ஒவ்வொரு முறையும் முந்தானையில் முடிந்திருக்கிற சாக்பீஸ் இடுப்பில் உறுத்தும், எழுதிவிட்டு வந்துவிடுவேன்.

இனி இன்று காலைக்கு வருகிறேன். புகை கொஞ்சம் அடங்கியதும் குடத்தை எடுத்துக்கொண்டு பம்படிக்குப் போனேன். என் எழுத்துக்குக் கீழே வேறு கையெழுத்து. கோணலாக, அழுத்தி அழுத்தி எழுதின ஒரு வண்டி நம்பர். 'குப்பை லாரி' என்று பக்கத்தில். பம்புக்கு அந்தப் பக்கம் வடிவு நின்றாள், விரலெல்லாம் வெள்ளை.

"நீதான எழுதுன?"

"ஆமாக்கா."

"நம்பர் உனக்கு எப்படித் தெரியும்? சேறு பூசிட்டுல்ல வருவாக."

அவள் குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சேறு பூசுனதே எங்க வீட்டுக்காரருதான்க்கா. அந்த லாரிக்கு லோடு ஏத்துனதும் அவருதான். போன வாரம் வேலைய விட்டு நிப்பாட்டிட்டாக."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எதிர்வீடு! நாம் ஊர் ஊராக மனுப் போட்டு அலைந்ததற்கு வேண்டிய சாட்சி எதிர்வீட்டில் சோறு தின்றுகொண்டு இருந்திருக்கிறது. வேலை போன பிறகு வந்திருக்கிறது இவளுக்கு வீரம். குடத்தைத் தூக்கி அவள் தலையில் போட்டிருப்பேன். அதற்குள் அவளே பேசினாள்.

"அன்னிக்கு மதினி குடுத்த தாள நான் படிச்சேன்க்கா. ரெண்டு தடவ படிச்சேன். படிச்சிட்டுத்தான் ஒட்டினேன். மதினிக்குத் தெரியுமாக்கா?"

"அன்னிக்கே தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே அவுக."

"அவுக கேக்க மாட்டாக. நான் கேப்பேன். த்தூ!" என்றேன். நிஜமாகவே துப்பிவிட்டேன் மதினி, அவள் காலடியில். அவள் நகரவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

மன்னித்தேன் என்று எழுத மாட்டேன், உங்களிடம் பொய் செல்லாது. முந்தானை முடிச்சை அவிழ்த்து சாக்பீஸை அவளிடம் நீட்டினேன்.

"நம்பர மட்டும் எழுதினா லாரிய மாத்திருவாக. கம்பெனி பேர எழுது."

"ஐயோ அக்கா, அவருக்கு இனி எங்கயும் வேலை குடுக்க மாட்டாக."

"எழுது."

சுற்றிலும் குடத்தோடு பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள், நாளைய எமகண்டம் பார்க்க வந்தவர்கள். வடிவு சாக்பீஸை வாங்கினாள். இரண்டாவது எழுத்திலேயே சாக்பீஸ் ஒடிந்தது. கையிலிருந்ததை என்னிடம் தந்துவிட்டு, கீழே விழுந்த துண்டை எடுத்து மிச்சத்தையும் எழுதி முடித்தாள். ஊருக்கே தெரியும் என்று நீங்கள் சொன்ன அதே பெயர்தான். எல்லோரும் உதட்டை அசைத்துப் படித்தார்கள். படிக்கவில்லை என்று இனி எவளாலும் சொல்ல முடியாது, ஒருத்தி படிப்பதை மற்றவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாளைக்கு யாராவது வந்து தண்ணீர் ஊற்றி அழிப்பார்கள். அழிக்கட்டும், சாக்பீஸ் என்னிடம் இருக்கிறது, ஒடிந்த துண்டு வடிவிடம் இருக்கிறது. நீங்கள் நம்பின சாமி படத்துக்கு முதுகு இருந்தது மதினி. சுவருக்குக் கிடையாது. இதை எவளும் திருப்பி ஒட்ட முடியாது.

செல்வி